பதினெட்டாம் தொட்டி

அந்த லேபில் தப்பு செய்தவர்களுக்குத்தான் கிர்மிட்.

கதவுக்குப் பக்கத்தில் பழைய கரும்பலகை ஒன்று உண்டு. அந்த அறை தாவரவியல் வகுப்பாக இருந்த காலத்தில் மாட்டியது, யாரும் கழற்றவில்லை. தன் வேலையில் தானே ஒரு தப்பைக் கண்டுபிடித்தவர் அதில் தேதியும் பெயரும் போட்டு, என்ன தப்பு என்று ஒரு வரி எழுத வேண்டும். அன்று சாயங்காலம் மற்றவர்கள் சேர்ந்து அவருக்குக் கிர்மிட்டும் மிளகாய் பஜ்ஜியும் வாங்கிக் கொடுக்க வேண்டும். கிர்மிட் என்றால் வெங்காயம், புளி, பச்சை மிளகாய் எல்லாம் போட்டுக் கண்ணில் தண்ணீர் வரும்படி பிசைந்த பொரி. இது லேபை நடத்துகிற சுமங்களா மேடம் போட்ட சட்டம். "தப்பு பண்ணினா கிர்மிட். மறைச்சா கதவு" என்று புதிதாகச் சேருகிறவர்களிடம் முதல் நாளே சொல்லிவிடுவார்.

கணினி சர்வரைப் பார்த்துக்கொள்கிற இராண்ணா பெயர் பலகையில் ஏழு தடவை இருந்தது. முர்துஜா நதாஃப் பெயர் நாலு தடவை. மேடம் பெயரே இரண்டு தடவை. நீலாம்பிகா பெயர் மட்டும் இரண்டரை வருஷத்தில் ஒரு தடவைகூட ஏறவில்லை.

"அக்கா, உங்களுக்குக் கிர்மிட் பிடிக்காதா?" என்று இராண்ணா கேட்பான். "ஒரு சின்னத் தப்பாவது பண்ணுங்க. எங்களுக்கும் வாங்கித் தந்த புண்ணியம் வேணாமா?"

"உன் ஏழு தடவைக்கே என் புண்ணியம் நிரம்பிப் போச்சு போ" என்று அவள் சிரித்துவிட்டுத் திரும்பிக்கொள்வாள்.

உள்ளே சிரிப்பு இல்லை. ஹுப்பள்ளியில் ஒரு ஜூனியர் காலேஜில் பதினோரு வருஷம் உயிரியல் சொல்லிக்கொடுத்துவிட்டு, முப்பத்தாறு வயதில் ஆராய்ச்சிக்கு வந்தவள். மற்றவர்கள் கணினியோடு வளர்ந்தவர்கள். அவள் நிரல் எழுதக் கற்றது ஹுப்பள்ளிக்கும் லேப் இருக்கிற தார்வாடுக்கும் நடுவில், பஸ்ஸில், கைபேசியில் வீடியோ பார்த்து. இருபத்தைந்து வயதுக்காரன் தப்பு செய்தால் கற்றுக்கொள்கிறான் என்பார்கள். தனக்கு அந்த வயது இல்லை என்று நினைத்தாள். அதனால் எதையும் மூன்று தடவை சரிபார்ப்பாள்.

அங்கே எல்லோருக்கும் வேலை ஏறக்குறைய ஒன்றுதான். செடியிலிருந்தோ ரத்தத்திலிருந்தோ எடுத்த சரக்கு வேறு ஊரில் ஒரு கம்பெனிக்குப் போய்க் கோடிக்கணக்கான மரபணு எழுத்துகளாகத் திரும்பி வரும். அதைக் கணினியில் எண்ணி, எந்த ஜீன் எப்போது சத்தம் போடுகிறது, எது சும்மா இருக்கிறது, யார் சொல்லி யார் கேட்கிறார்கள் என்று ஒரு வலை வரைய வேண்டும். வரைந்த வலை சரியா என்று சண்டை போட வேண்டும்.

திங்கட்கிழமை காலை பத்தரை மணிக்கு முர்துஜா வந்து அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்றான்.

"அக்கா, ஒரு உபகாரம்."

"இந்த வாரம் எத்தனையாவது?"

"கடைசி. சத்தியமா. சாந்தவ்வா படத்துல எழுத்தெல்லாம் கொஞ்சம் பெருசாக்கித் தாங்க. வியாழக்கிழமை பாட்டீல் சார் கடைசி வரிசைல உக்காருவார். எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்குன்னு எல்லார் முன்னாடியும் மானத்தை வாங்கிடுவார்."

"கண்ணாடியைப் போட்டுக்கச் சொல்லு."

"கண்ணாடியைப் போட்டுக்கிட்டுத்தான் தூங்குவார். எழுந்த உடனே படிக்கிற மாதிரி பெருசா வேணும்."

வியாழக்கிழமை அவனுக்குத் துறையில் பாட்டீல் சார் மாதிரி பேராசிரியர்கள் எல்லோர் முன்னாலும் பேசிக்காட்டுகிற கூட்டம். அது முடிந்தால் மாதக் கடைசிக்குள் ஆய்வேட்டைக் கொடுத்துவிடலாம். கொடுத்துவிட்டால் புனேயில் ஒரு ஆராய்ச்சி நிலையம் அவனுக்கென்று வைத்திருக்கிற இடத்தில் ஜூனில் சேரலாம். ஐந்து வருஷமாக அவன் பார்த்துக்கொண்டிருந்த வாசல் அது.

சாந்தவ்வா என்பது ஒரு ஜீன். அதன் உண்மையான பெயர் எழுத்தும் எண்ணுமாக ஒரு முழம் நீளம். முர்துஜா இருபத்துநாலு தொட்டிகளில் இந்தப் பக்கத்து வெள்ளைச் சோளத்தை வளர்த்தான். ஒன்று முதல் பன்னிரண்டு வரை தினமும் தண்ணீர். பதிமூன்று முதல் இருபத்துநாலு வரை பன்னிரண்டு நாள் ஒரு சொட்டுக்கூட இல்லை. மற்ற சோளங்களில் தண்ணீர் இல்லாவிட்டால் இந்த ஜீன் கூப்பாடு போடும், ஊர் உலகத்துக்கே தெரிந்த விஷயம். முர்துஜாவின் சோளத்தில் அது அடங்கிப்போனது. தாகத்தில் பதறாத செடி. அதனால்தான் இராண்ணா அதற்குச் சாந்தவ்வா என்று பெயர் வைத்தான். முர்துஜாவின் ஆய்வேடே அந்த அமைதியின் மேல்தான் நின்றது. அதைச் சுற்றி வலை போட அவனுக்குப் பதினாலு மாதம் ஆனது.

அந்த இருபத்துநாலு தொட்டிகளின் எழுத்துகள் வந்து சேர்ந்தபோது நீலாம்பிகா லேபில் சேர்ந்து மூன்று மாதம். அவற்றை எண்ணிப் பெயர் ஒட்டிக் கொடுத்தது அவள்தான். அவள் அங்கே செய்த முதல் வேலை அது.

எழுத்தைப் பெரிதாக்க இரண்டு நிமிடம் போதும். ஆனால் பழைய நிரல் எங்கோ புதைந்திருந்தது. தேடி எடுத்துத் திறந்து ஓட்டியபோது, அது முதலில் கோப்புகளின் பெயர்களைத் திரையில் வரிசையாகப் போட்டது.

தொட்டி1, தொட்டி10, தொட்டி11, தொட்டி12.

அவள் கை சுட்டியின் மேல் அப்படியே நின்றது.

கணினிக்கு எண் தெரியாது. அகராதி மாதிரி அடுக்கும். ஒன்றுக்குப் பிறகு பத்து, பதினொன்று என்று பத்தொன்பதுவரை போய்விட்டு, அதற்குப் பிறகுதான் இரண்டுக்கு வரும். இந்தத் தொழிலில் உள்ள எல்லோருக்கும் இது தெரியும். அதனால்தான் எல்லோரும் 01, 02 என்று முன்னால் சுழி போட்டு எழுதுவார்கள். நீலாம்பிகாவும் இரண்டு வருஷமாக அப்படித்தான் எழுதுகிறாள். அந்த முதல் வேலையின்போது மட்டும் தெரியாது. கணினி அடுக்கிய வரிசைக்குப் பக்கத்தில், முர்துஜாவின் நோட்டில் ஒன்று இரண்டு மூன்று என்று இருந்த வரிசையை அப்படியே ஒட்டியிருந்தாள். அன்றைக்கும் மூன்று தடவை சரிபார்த்தாள். மூன்று தடவையும் இரண்டு பக்கமும் இருபத்துநாலு பெயர் இருக்கிறதா என்றுதான் பார்த்தாள். இருந்தது.

ஒரு தாளை எடுத்து விரலால் தொட்டு எண்ணினாள். தண்ணீர் குடித்தவை என்று பெயர் ஒட்டிய பன்னிரண்டில் ஏழு, தாகத்தில் கிடந்தவை. தாகத்தில் கிடந்தவை என்று ஒட்டியதில் ஏழு, தண்ணீர் குடித்தவை. ஆக மொத்தம் பதினாலு தொட்டிகள் பக்கம் மாறிப்போய்விட்டன.

பெயர்களைச் சரியாக ஒட்டி மறுபடி ஓட்டினாள். பத்து நிமிடத்தில் படம் வந்தது. சாந்தவ்வா அடங்கவில்லை. தண்ணீர் இல்லாத பன்னிரண்டு தொட்டிகளிலும் அதன் கோடு செங்குத்தாக எழுந்து நின்று கூப்பாடு போட்டது. மற்ற சோளங்களைப் போலவே, இன்னும் கொஞ்சம் அதிகமாகவே.

"என்ன அக்கா, பேயைப் பாத்த மாதிரி இருக்கீங்க?" இராண்ணா தேநீர்க் கோப்பையோடு வந்தான்.

அவள் திரையைச் சட்டென்று மூடினாள். "ஒண்ணுமில்ல. எழுத்து பெருசாகமாட்டேங்குது."

"நான் பாக்கட்டுமா?"

"வேணாம் வேணாம். நீ போய் சர்வரைக் கவனி. காலைலேர்ந்து உறுமுது."

பழைய படத்திலேயே எழுத்தைப் பெரிதாக்கி முர்துஜாவுக்கு அனுப்பினாள். மறைத்தல் என்பது இப்படித்தான் ஆரம்பிக்கும் போலிருக்கிறது என்று தோன்றியது. யாரும் உட்கார்ந்து திட்டம் போடுவதில்லை. ஒரு எழுத்தைப் பெரிதாக்குகிறார்கள், அவ்வளவுதான்.

மத்தியானம் எல்லோரும் ஜன்னல் பக்கத்து மேஜையில் சாப்பிட்டார்கள். முர்துஜா தன் டப்பாவிலிருந்து ஒரு ரொட்டியை எடுத்து அவள் தட்டில் வைத்தான். அவன் அம்மா தட்டிய சோள ரொட்டி. தினமும் ஒன்று அவளுக்கென்றே கூடுதலாக வரும்.

"வியாழக்கிழமை அம்மா வர்றாங்க அக்கா. அங்கன்வாடில லீவு கேட்டாச்சு. நவலகுந்துலேர்ந்து முதல் பஸ்ஸாம். 'எனக்கு இங்கிலீஷ் புரியாட்டி என்ன, நீ பேசறதைப் பாக்கலாம்ல'ங்கறாங்க. நான் எங்கே கைதட்டணும்னு வேற கேக்கறாங்க."

"எங்க தட்டச் சொன்னே?" என்றான் இராண்ணா.

"பதினெட்டாம் தொட்டி வர்ற இடத்துல."

பதினெட்டாம் தொட்டி முர்துஜாவின் செல்லம். தாகத்தில் போட்ட பன்னிரண்டில் அதுதான் ரொம்பக் கஷ்டப்பட்டது. பத்தாம் நாள் அதன் இலை பீடி மாதிரி சுருண்டுவிட்டது என்று நோட்டில் படம்கூட வரைந்து வைத்திருந்தான். ஆனால் எண்ணிக்கை வந்தபோது எல்லாவற்றிலும் நிம்மதியாக இருந்தது அதுதான். வெளியே அவ்வளவு வாட்டம், உள்ளே அவ்வளவு நிதானம். அந்த ஒரு தொட்டிக்கென்றே பேச்சில் தனியாக ஒரு படம் வைத்திருந்தான்.

பதினெட்டு என்று பெயர் ஒட்டியிருந்தது உண்மையில் மூன்றாம் தொட்டி. தினமும் தண்ணீர் குடித்த தொட்டி. காலையில் தாளில் எண்ணியபோதே நீலாம்பிகா பார்த்திருந்தாள்.

"என்ன அக்கா, ரொட்டி அப்படியே இருக்கு?"

"வயிறு சரியில்ல."

"அம்மாகிட்ட சொல்லிடாதீங்க. உப்பு ஜாஸ்தியாயிடுச்சான்னு நாலு நாள் புலம்புவாங்க."

சொல்லிவிட வேண்டும் என்று வாய் வரை வந்தது. சொன்னால் வியாழக்கிழமை இல்லை. வியாழக்கிழமை இல்லையென்றால் மாதக் கடைசி இல்லை, ஜூன் இல்லை, புனே இல்லை. ரொட்டியை ஒரு காகிதத்தில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமை முழுவதும், தன் கண்டுபிடிப்பில் ஏதாவது தப்பு இருக்காதா என்று தேடினாள். வாழ்க்கையில் முதல் தடவையாகத் தன் வேலையில் ஒரு தப்பு கிடைக்க வேண்டும் என்று ஆசைப்பட்டாள். கிடைக்கவில்லை. மேடம் பெலகாவியில் ஒரு தேர்வுக் குழுவுக்குப் போயிருந்தார், புதன்கிழமைதான் வருவார். சாயங்காலம் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, வியாழக்கிழமை கழித்துச் சொன்னால் என்ன என்று யோசித்தாள். கூட்டம் முடிந்துவிடும். அம்மா கைதட்டிவிட்டுப் போய்விடுவார். பிறகு மெதுவாக, "முர்துஜா, ஒரு சின்ன விஷயம்" என்று ஆரம்பிக்கலாம். ஹுப்பள்ளி வரும்வரை அந்த வாக்கியத்தைத் திருப்பித் திருப்பிச் சொல்லிப் பார்த்தாள். "சின்ன" என்ற இடத்தில் ஒவ்வொரு தடவையும் நின்று, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

புதன்கிழமை மூன்று மணிக்கு லேபிலேயே ஒத்திகை. மேடம் முன் நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தார். இராண்ணா பாட்டீல் சாராக நடிப்பதற்காகக் கடைசியில் போய் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டான்.

முர்துஜா நன்றாகத்தான் பேசினான். முதலில் கொஞ்சம் வேகம். மேடம் கையால் மெதுவாக என்று காட்டியதும் நிதானத்துக்கு வந்தான். சாந்தவ்வா வந்தாள். பதினெட்டாம் தொட்டி வந்தது. "இந்தச் செடியைப் பாத்தா செத்துக்கிட்டிருக்குன்னு நினைப்பீங்க. உள்ள போய்ப் பாத்தா, இது யாரையும் உதவிக்குக் கூப்பிடல" என்று சொன்னபோது அவன் குரல் லேசாகக் கம்மியது. அது ஒத்திகை பார்த்த குரல் இல்லை. எப்போது அந்த இடம் வந்தாலும் அவனுக்கு அப்படித்தான்.

கடைசிப் படத்தில் நன்றி. அதில் முதல் பெயர் நீலாம்பிகா அங்கடி.

"இந்த இருபத்துநாலு தொட்டியையும் எண்ணிக் கொடுத்தது அக்கா" என்றான். "இதை நாளைக்குச் சொல்லமாட்டேன், இன்னிக்கு நம்மகிட்ட மட்டும் சொல்றேன். யாராவது இந்த எண்ணிக்கை சரியான்னு கேட்டா, எங்க லேப்ல ஒரு பலகை இருக்கு, அதுல அவங்க பேரு எங்க இருக்குன்னு தேடிப் பாருங்கன்னு சொல்லிடுவேன்."

எல்லோரும் சிரித்தார்கள். பாட்டீல் சார்கூடக் கண்ணைத் திறந்து சிரித்தார்.

நீலாம்பிகா எழுந்தாள். நாற்காலி தரையில் தேய்ந்து கிறீச்சிட்டது. தண்ணீர் குடிக்கப் போகிறாள் என்று நினைத்து இராண்ணா காலை மடக்கி வழி விட்டான். அவள் கதவு வரைக்கும் போய், சாக்பீஸை எடுத்து, பலகையில் தேதி போட்டாள். பெயரை எழுதினாள். பக்கத்தில் என்ன எழுதுவது என்று தெரியவில்லை. பெரிய எழுத்தில், கடைசி வரிசைக்குத் தெரிகிற மாதிரி எழுதினாள்:

1, 10, 11, 12

அதற்கு மேல் எழுத வேண்டியிருக்கவில்லை. அந்த அறையில் இருந்த ஒவ்வொருவருக்கும் அந்த நாலு எண் போதும். சிரிப்பு ஒவ்வொரு வாயாக நின்றது. சர்வர் உறுமுவது மட்டும் சுவருக்கு அப்பாலிருந்து கேட்டது.

"ஐயோ, அக்கா" என்றான் இராண்ணா, ரொம்ப மெதுவாக.

முர்துஜா இன்னும் திரைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தான். நன்றிப் படத்தின் வெளிச்சம் பாதி அவன் சட்டையில் விழுந்தது.

"எத்தனை?" என்று கேட்டான்.

"பதினாலு."

"சாந்தவ்வா?"

அவள் தலையை ஆட்டினாள். "கத்தறா. எல்லாத்தையும் விட ஜாஸ்தியா."

"எப்பத் தெரியும்?"

அதைத்தான் அவன் கேட்கக்கூடாது என்று வேண்டிக்கொண்டிருந்தாள். "திங்கட்கிழமை. நீ படம் கேட்ட அன்னிக்கு."

அவன் மடிக்கணினியை மூடினான். யாரையும் பார்க்காமல் வெளியே போனான். படியில் இறங்கும் சத்தம் கீழே வரை கேட்டது.

மேடம் கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பால் துடைத்தார். துடைத்து முடிக்க ரொம்ப நேரம் ஆனது.

"ரெண்டு வருஷம் நானும்தானே பாத்தேன்" என்றார். "ஊரெல்லாம் கத்தற ஜீன் நம்ம வீட்டுல மட்டும் ஏன் சும்மா இருக்குன்னு நான் ஒரு நாள் கேக்கல. கேக்கவேண்டியது என் வேலை. பேர் அழகா இருந்துச்சா, விட்டுட்டேன்." எழுந்து கைபேசியை எடுத்தார். "இராண்ணா, கூட்டம் தள்ளிவெச்சாச்சுன்னு ஆபீஸ்ல சொல்லிட்டு வா. புனேக்கு நான் பேசறேன். நீலா, நீ மூணு நாள் உள்ள வெச்சிருந்தது எனக்குப் பிடிக்கல. அதை அப்புறம் பேசிக்கலாம். இப்ப நீ போக வேண்டிய இடம் இது இல்ல."

தொட்டிகள் இருந்த வலைக்கூடம் கட்டடத்துக்குப் பின்னால், மாமரத்தைத் தாண்டி. முர்துஜா அங்கேதான் இருந்தான். இரண்டு வருஷமாகக் காலியாகக் கிடந்த தொட்டிகள் ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கியிருந்தன. ஒரு அடுக்கின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, பழைய நோட்டை முழங்காலில் விரித்து வைத்திருந்தான்.

அவள் வலைக்கு வெளியிலேயே நின்றாள். வெயில் தலையில் அடித்தது.

"உள்ள வாங்க" என்றான். அக்கா என்று சொல்லவில்லை. அதை அவள் கவனித்தாள்.

"முர்துஜா, நான்…"

"பதினெட்டு எது?"

"என்ன?"

"நான் பதினெட்டுன்னு காட்டிக்கிட்டு இருந்தேனே. அது உண்மைல எந்தத் தொட்டி?"

"மூணு."

அவன் நோட்டைப் புரட்டினான். மூன்றாம் தொட்டியின் பக்கத்தில் ஒன்றுமே வரைந்திருக்கவில்லை. தேதி, தண்ணீர் ஊற்றியது, தேதி, தண்ணீர் ஊற்றியது, அவ்வளவுதான்.

"மூணுக்கு நான் தினமும் என் கையால தண்ணி ஊத்தினேன்" என்றான். "வயிறு நெறையக் குடிச்சிட்டு சும்மா நின்னுக்கிட்டிருந்த செடி அது. தாகத்துல இவ்வளவு நிதானமான்னு அதைப் பாத்து ரெண்டு வருஷமா நான் கண்ணு கலங்கிக்கிட்டு இருந்திருக்கேன்."

அவன் தோள் குலுங்கியது. அழுகிறான் என்று நினைத்து அவள் ஒரு அடி எடுத்துவைத்தாள். அவன் சிரித்துக்கொண்டிருந்தான். பிறகு பார்த்தால் இரண்டும்தான். அவள் பக்கத்தில் கவிழ்ந்து கிடந்த ஒரு தொட்டியின் மேல் உட்கார்ந்தாள்.

"பத்தாம் நாள் பதினெட்டு இலை சுருட்டினப்போ நான் பாத்தேன்" என்றான். "கண்ணால பாத்தேன். அது நிம்மதியா இருக்குன்னு நீங்க கொடுத்த கணக்கு சொன்னப்போ, எங்கயோ இடிச்சுது. ஆனா கேக்கல. ஏன் தெரியுமா? அப்படி ஒரு செடி இருக்கணும்னு எனக்கு ஆசையா இருந்துச்சு." நோட்டை மூடினான். "எங்க வீட்ல எல்லாரும் கத்தறவங்க. நானும் கத்தறவன்தான். பரீட்சைக்கு முந்தின நாள் நான் போடற கூப்பாடு உங்களுக்குத் தெரியும். இந்த மண்ணுல கத்தாம தாங்கறது ஒண்ணாவது இருக்கேன்னு நினைச்சேன்."

"புனேக்கு மேடம் பேசறேன்னாங்க."

"என்ன சொல்வாங்க?"

"தெரியல."

"நீங்க முந்தாநாளே சொல்லியிருக்கலாம்."

"ஆமா."

"அம்மாகிட்டயாவது வராதீங்கன்னு சொல்லியிருப்பேன்."

"ஆமா. சொல்லியிருக்கணும், முர்துஜா. எனக்குப் பயம். உனக்குப் புனே போயிடுமேன்னு பயம்னு நினைச்சுக்கிட்டேன். அது பாதிதான். மீதி என் பேரு அந்தப் பலகைல ஏறிடுமேன்னு."

அவன் தொட்டி அடுக்கிலிருந்து ஒன்றை எடுத்து, அதில் ஒட்டியிருந்த காய்ந்த மண்ணை நகத்தால் சுரண்டினான். உள்ளே பழைய மையில் எண் தெரிந்தது. அதைப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தான். "நாளைக்கு வாங்க" என்று மட்டும் சொன்னான்.

வியாழக்கிழமை பதினொரு மணிக்கு முர்துஜாவின் அம்மா வந்துவிட்டார். கூட்டம் இல்லை என்று அவன் போனில் சொன்னபோது, "லீவு சொன்னது சொன்னதுதான், எடுத்த லீவைத் திருப்பிக் கொடுக்க முடியுமா?" என்று கேட்டாராம். ஹமீதாபீ என்று பெயர். ஊதா நிறத்தில் புதுப் புடவை, கையில் இரண்டு அடுக்கு டப்பா.

"நீங்கதானா நீலாக்கா?" என்றார் வந்ததும். "தினம் ஒரு ரொட்டி கேக்கற ஆளு?"

"நான் கேக்கறது இல்லம்மா, அவனா வைக்கறான்."

"எப்படியோ, மாவு என்னோடது." டப்பாவை அவள் மேஜையில் வைத்தார்.

புனேயிலிருந்து மேடத்துக்குப் பதில் வந்திருந்தது. செப்டம்பர் வரை இடத்தை வைத்திருக்க முடியுமா என்று பார்த்துச் சொல்கிறோம் என்றார்களாம். பார்த்துச் சொல்கிறோம் என்றால் என்ன அர்த்தம் என்று லேபில் யாரும் யாரையும் கேட்கவில்லை. இராண்ணா காலையிலேயே இருபத்துநாலு கோப்புகளையும் புதிதாக எண்ண சர்வரில் இடம் ஒதுக்கிவிட்டான். வலையை முதலிலிருந்து போட வேண்டும். ஆய்வேட்டில் முதல் இரண்டு அத்தியாயம் நிற்கும், மூன்றாவதும் நாலாவதும் போய்விட்டன.

கூட்டம் நடந்திருக்க வேண்டிய மூன்று மணிக்கு, மேடமே வெளியே போய்ச் செய்தித்தாள் பொட்டலங்களில் கிர்மிட்டும் பஜ்ஜியும் வாங்கி வந்தார். நேற்று யாருக்கும் மனம் வரவில்லை, அதனால் இன்றைக்கு. முதல் பொட்டலத்தை நீலாம்பிகா கையில் கொடுத்தார்.

"வேணாம் மேடம்."

"சட்டம்னா சட்டம். பிரி."

அவள் பிரித்து ஒரு பிடி வாயில் போட்டாள். பச்சை மிளகாய் நேராகத் தலைக்கு ஏறியது. கண்ணில் தண்ணீர் கொட்டியது.

"இப்பத்தான் அக்கா நம்ம லேப்" என்றான் இராண்ணா.

ஹமீதாபீ பஜ்ஜியைக் கையில் வைத்துக்கொண்டு திரையைப் பார்த்தார். "இவன் வாய் ஓயாம சொல்லிக்கிட்டிருந்தானே, அந்தச் சாந்தவ்வா எது? அதைக் காட்டுங்க. கைதட்டத்தான் முடியல, மூஞ்சியாவது பாத்துட்டுப் போறேன்."

நீலாம்பிகா முர்துஜாவைப் பார்த்தாள். அவன் தோளைக் குலுக்கினான். அவள் சரியான படத்தைத் திறந்து, எல்லாவற்றையும் தாண்டி மேலே ஏறிய கோட்டில் விரலை வைத்தாள்.

"இதும்மா. இது வரைக்கும் தண்ணி இருந்துச்சு. இங்கேர்ந்து நிறுத்திட்டோம். உடனே கத்த ஆரம்பிச்சுட்டா. சும்மா இருக்கறான்னு நாங்க தப்பா எழுதி வெச்சிருந்தோம்."

ஹமீதாபீ கோட்டைக் கீழிருந்து மேல்வரை பார்த்தார். பிறகு மகனைப் பார்த்தார்.

"ஏண்டா, தண்ணி குடுக்காட்டி யாரா இருந்தாலும் கத்தத்தானே செய்வாங்க? இதுக்கா அஞ்சு வருஷம் படிச்சே?"

முதலில் மேடம்தான் சிரித்தார். பிறகு யாராலும் அடக்க முடியவில்லை. முர்துஜா மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டான், முதுகு மட்டும் குலுங்கியது. தான் என்ன சொல்லிவிட்டோம் என்று தெரியாமல் ஹமீதாபீ பஜ்ஜியைக் கடித்தார்.

சிரிப்பு அடங்கியதும் அவன் எழுந்து பலகைக்குப் போனான். நீலாம்பிகா எழுதியதற்குக் கீழே தன் பெயரைப் போட்டு எழுதினான்: "18-இன் இலை சுருண்டதைப் பார்த்தேன். கேட்கவில்லை."

"அஞ்சாவது" என்று எண்ணினான் இராண்ணா. "நாளைக்கும் கிர்மிட்."

முர்துஜா சாக்பீஸ் தூசு போகக் கையைத் தட்டிக்கொண்டே வந்து, ஒரு நாற்காலியை இழுத்து அவள் பக்கத்தில் போட்டான். அவள் பொட்டலத்திலிருந்து ஒரு பிடி எடுத்து வாயில் போட்டுக்கொண்டான். திரையில் இருபத்துநாலு கோப்புகள் புதுப் பெயருக்குக் காத்திருந்தன.

"தள்ளி உக்காருங்க அக்கா" என்றான். "நான் நோட்டைப் பாத்துச் சொல்றேன், நீங்க அடிங்க. முதல்ல சுழி."

அவள் சுழியை அடித்தாள்.